படத்தின் மேல் கிடக்கும் வெள்ளைத்தாள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான் பெற்றது நாலு. மற்ற இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். அவள் கொழும்பில் விசாவுக்குக் காத்துக் கிடந்த காலத்தில் என்னோடு வந்து ஒட்டிக்கொண்டவர்கள். ஆறு பேரும் இங்கே கனடாவில் படித்து, கலியாணம் கட்டி, பிக்கரிங்கிலும் றிச்மண்ட் ஹில்லிலுமாக வீடு வாங்கிவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

எங்கள் முதியோர் மன்றத்து ஆண்டு மலருக்கு எல்லோரும் தாங்கள் செய்த வேலையைப் பற்றி எழுதுகிறார்கள். என்னையும் கேட்டார்கள். பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு இருந்தேன். போன கிழமை ஒரு போன் வந்தது. நான் முன்பு செய்த வேலையை இப்போது செய்கிற ஹனா என்ற பிள்ளை.

"மிஸிஸ் பரா, எல்லாப் படத்தையும் ஸ்கான் பண்ணி இன்டர்நெட்டில போடுறம். ஒரு பெட்டிக்குள்ள சில படத்துக்கு மேல வெள்ளைத்தாள் கிடக்குது. தாளில பென்சிலால 'முதல் கேள்' எண்டு எழுதியிருக்கு. ஆரைக் கேக்கிறது? தாளைத் தூக்கலாமோ?"

"தூக்காதை பிள்ளை. அப்பிடியே வை. நான் வடிவாச் சொல்லுறன்" என்றேன்.

போனில் வடிவாகச் சொல்ல முடியவில்லை. அது நீளமான கதை. அதனால் நான் சொல்லச் சொல்ல, என் மகனின் மகள் மீரா கொம்பியூட்டரில் அடிக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பரிசு வாங்கினவள். என் வாயிலிருந்து வருகிறபடி அடிக்காதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி அடி என்று சொல்லியிருக்கிறேன். மலருக்கும் ஆயிற்று, ஹனாவுக்கு அவள் இங்கிலிஷில் மாற்றி அனுப்பவும் ஆயிற்று.

நான் வேலை செய்தது நகரத்தின் நடுவில் இருந்த ஒரு படக் காப்பகத்தில். பெயர் வேண்டாம். பழங்காலப் புகைப்படங்களைப் பெட்டிகளில் போட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வைத்துக் காக்கிற இடம். நாங்கள் இருந்த டோர்செட் பார்க் அப்பாட்மென்டிலிருந்து ஒரு பஸ், பிறகு சப்வே. நான் அங்கே போனது தரை துடைக்க. சில வருடங்கள் துடைத்தேன். நல்லாகத்தான் துடைத்தேன். இப்போது போய்ப் பார்த்தால் அந்த மூலைகள் எனக்குப் பிடிக்காது.

அங்கே என் சுப்பர்வைசரானவர் மிஸிஸ் ஒல்கா. உக்ரேன்காரரின் மகள். கட்டையான பெண், நரைத்த முடியைப் பையன் மாதிரி வெட்டியிருப்பார். ஒருநாள் அவருடைய உதவியாளுக்குக் காய்ச்சல். பெரிய படம் ஒன்றை மட்டையோடு மேசையிலிருந்து மேசைக்கு மாற்ற வேண்டும். வாளியும் கையுமாகப் போன என்னைக் கூப்பிட்டு மற்றப் பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் கீழே எதையோ சரிபண்ணும் வரைக்கும் அசையாமல், வாய் திறக்காமல் நின்றேன். இறக்கிய பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் கதைக்காமல் நிண்ட ஆள் இந்தக் கட்டிடத்தில நீங்கள் ஒராள்தான்."

வீட்டில் ஆறு பிள்ளைகள். கதைக்காமல் நிற்கக் கிடைத்ததே எனக்கு ஓய்வு என்று சொல்ல அப்போது என் இங்கிலிஷ் போதாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எல்லாரும் கதைத்தது இங்கிலிஷ். நான் எழுதுவது எனக்கு விளங்கின தமிழ். ஆகவே இனி மிஸிஸ் ஒல்கா பருத்தித்துறையில் பிறந்தவர் மாதிரிக் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாரிக்குள் நான் வாளியை விட்டுவிட்டு மேசைக்கு வந்துவிட்டேன். வேலை, பழைய உறைகளிலிருந்து படங்களை எடுத்துப் புது உறைகளில் வைப்பது. சொன்னால் சின்ன விஷயம். செய்து பாருங்கள். படத்தைக் கையால் தூக்கக் கூடாது. கீழே ஒரு மட்டையைச் செருகி மட்டையைத்தான் தூக்க வேண்டும். உறையில் எண் எழுதுவது படத்தை வைக்க முன்னர். வைத்த பிறகு எழுதினால் பென்சிலின் அழுத்தம் படத்தில் இறங்கிவிடும். பேனை அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. டெலிவிஷனில் காட்டுகிற வெள்ளைத் துணிக் கையுறையை மிஸிஸ் ஒல்காவுக்குக் கண்ணில் காட்ட முடியாது. துணி படத்தின் விளிம்பில் கொளுவிக் கிழிக்கும் என்பார். எங்களுக்கு நீல நிற ரப்பர் உறை.

நகையும் கூடாது. மோதிரம், காப்பு கழற்றினேன். தாலிக்கொடிக்கு வந்ததும் மாட்டேன் என்றுவிட்டேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. யோசித்துவிட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டுகிற நீளமான வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கொடி உள்ளே போய்விட்டது. முதல் நாள் அந்தக் கோட்டோடு லிப்டில் போக, ஒருவன் என்னை "டொக்டர்" என்றான். நான் திருத்தவில்லை.

பிறகு முட்டைப் பிரச்சினை. அந்தக் காலத்துப் படக் கடதாசியில் முட்டை வெள்ளைக்கரு பூசியிருக்கும். அதில்தான் படம் பிடிக்கும். அந்த மினுக்கமும் முட்டை மினுக்கம்தான். அது தெரிய வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, நான் விரதம். கையை எடுத்துவிட்டேன். "நூறு வருசத்துக்கு மேலான முட்டை, மிஸிஸ் பரா. மணக்காது" என்றார் ஒல்கா, சிரிக்காமல். கோவில் ஐயரிடம் கேட்டேன். "சாப்பிடாட்டில் சரி அம்மா" என்றார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளிலும் முட்டையோடுதான் என் சீவியம்.

மிஸிஸ் ஒல்காவின் குணத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் ஏசமாட்டார். வேலை பிழைத்தால், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரே ஒரு சொல் சொல்லுவார்: "திரும்ப." ஏன், எது பிழை, ஒன்றும் சொல்லமாட்டார். எல்லாவற்றையும் குலைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். யோசிக்க வேண்டியது ஏதும் இருந்தால் பக்கத்து அறைக்குப் போய், ஒரு அப்பிளைச் சின்னக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிச் சாப்பிடுவார். அப்பிள் முடிய முன்னர் அவரிடம் பதில் வராது. நாங்கள் அப்பிளைப் பார்த்தே எவ்வளவு பெரிய பிரச்சினை என்று கணித்துக்கொள்ளுவோம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டிகள் வந்தன. இந்த ஊர்க் குடும்பமொன்று, தாத்தா சேர்த்து வைத்தது என்று ஒரு ட்ரங்குப் பெட்டியோடு கொடுத்தது. அமெரிக்காவின் தென்மேற்கில், மழையில்லாத மலைநாட்டில் எடுத்த படங்கள். நாட்டை அளந்து வரைபடம் போட அரசாங்கம் ஆட்களை அனுப்பிய காலம் அது. கோவேறு கழுதைகளில் மரக் கமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு போய், போன இடமெல்லாம் படம் எடுத்திருக்கிறார்கள். மலையின் வயிற்றுக்குள் பெரிய பெரிய குடைவுகள். அதற்குள் கல்லை அடுக்கி, மண் பூசி, மாடிக்கு மேல் மாடியாகக் கட்டின வீடுகள். பியூப்லோ சனம் என்று சொல்லப்படுகிறவர்களின் முன்னோர்கள் கட்டியது. படம் எடுத்த காலத்திலேயே அவை பல நூறு வருடம் பழைய பாழ்வீடுகள்.

அந்தப் படங்களில் ஒரு ஆள் திரும்பத் திரும்ப வருவான். மீசை, தொப்பி, ஒரு பக்கமாகச் சரிந்த நிற்பு. வாசலில் நிற்பான், சுவரில் சாய்வான், ஏணியில் இருப்பான்.

"ஆர் உவர்? வீட்டுக்காரரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அளவுக்கு நிக்கிறார். ஆள் நிண்டால்தானே சுவர் எவ்வளவு உயரமெண்டு தெரியும்" என்றார் ஒல்கா.

அவனுக்கு அளவுகோல் மாமா என்று பெயர் வைத்தேன். மிஸிஸ் ஒல்காவும் அந்தப் பெயரைப் பழகிக்கொண்டார். உறையைத் திறந்தால், "ஓ, இண்டைக்கும் வேலைக்கு வந்திட்டார்" என்போம். கூரைக்கு மேல் ஏறி நிற்கிற படத்தில் "இறங்கும் ஐயா, விழுந்து துலையப் போறீர்" என்று தமிழில் ஏசினேன். இப்படியே மாதக் கணக்கில் அந்த மனிதனோடு எங்களுக்கு நல்ல பழக்கம்.

ஒருநாள் காலை உறையொன்றை எடுத்தேன். அளவுகோல் மாமா இருந்தார். இந்த முறை நிற்கவில்லை. நிலத்தில், காலை நீட்டிக்கொண்டு, பிக்னிக் வந்தவர் மாதிரி. அவருக்குப் பக்கத்தில் தோண்டின குழி. குழியின் விளிம்பில் வரிசையாகப் பானைகள். பானைகளுக்குப் பக்கத்தில், அதே வரிசையில், எலும்புகள். ஒரு பெரிய மண்டையோடு, ஒரு சின்ன மண்டையோடு.

நான் படத்தை மட்டையோடு குப்புறத் திருப்பி வைத்துவிட்டு, போய்க் கை கழுவினேன். அளவுகோல் மாமாவோடு அன்றைக்கு நான் கோபம்.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, மலரை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் ஊரில் செத்தவீடு நடந்தால் இங்கிருந்து போக வழியில்லை. அங்கே படம் எடுத்து, அல்பமாக்கி, வருகிற ஆரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அதில்தான் தாயின் முகத்தைப் பார்ப்போம். அந்த அல்பத்தைக் கலியாண அல்பத்தோடு ஒரே தட்டில் வைப்பதில்லை. வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டுவதில்லை. உரித்தான ஒருவர் வாய் திறந்து கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுப்போம். பார்த்து முடிய முகம் கழுவுவோம்.

ஆகவே நான் அந்தப் படத்துக்கும், பின்னால் வந்த அதே மாதிரி இன்னும் சிலதுக்கும் தனிப் பெட்டி போட்டேன். ஒளித்துச் செய்யவில்லை. செய்துவிட்டு நேரே போய்ச் சொன்னேன்.

"வீட்டுப் படம் ஒரு பெட்டி, செத்தவீட்டுப் படம் ஒரு பெட்டி."

மிஸிஸ் ஒல்கா கண்ணாடியைக் கழற்றினார். "திரும்ப."

"ஏன்?"

அவரிடம் ஏன் என்று கேட்ட முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். அவரும் அன்றைக்குப் பதில் சொன்னார். "எந்த ஒழுங்கில வந்ததோ அந்த ஒழுங்கிலதான் இருக்க வேணும், மிஸிஸ் பரா. படம் எடுத்தவன் இதுக்குப் பிறகு இதெண்டு வைச்சிருக்கிறான். குழப்பினால், காலமை வீட்டைப் படமெடுத்துப்போட்டு மத்தியானம் குழி தோண்டினவையெண்டது மறைஞ்சு போம். பிறகு வாறவைக்கு உண்மை தெரியாது."

அது நியாயம்தான். நான் பிழை என்று விளங்கிற்று. ஆனால் முழுக்கப் பிழை இல்லை.

"சரி, ஒரே பெட்டிக்குள்ள வைக்கிறன். ஆனால் திறந்தவுடன முகத்தில அடிக்கிற மாதிரிக் கிடக்கக் கூடாது. மேல தாள் போடுறன். பாக்க விரும்பிறவை கேட்டுப்போட்டுப் பாக்கட்டும்."

அப்பிள் வெளியே வந்தது. முழு அப்பிளும் முடிந்தது. பிறகு அவரே ஒரு வெள்ளைத்தாளை அளவாக வெட்டி, படத்தின் மேல் வைக்க முன்னர் மேசையில் வைத்து, பென்சிலால் 'முதல் கேள்' என்று எழுதினார். மற்றப் படங்களுக்கும் அப்படியே.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குசினிக்குள் போகாமல் நேரே குளியலறைக்குள் போய்த் தலை முழுகினேன். தலைமயிர் சொட்டச் சொட்ட வெளியே வர, மருமகள் பதறிப்போனாள்.

"மாமி, ஆர் செத்தது?"

"தெரியாது பிள்ளை. கனகாலத்துக்கு முந்தின ஆக்கள்."

"சொந்தமோ?"

"எங்களுக்கில்லை. ஆருக்கோ சொந்தம்."

அந்த 'ஆருக்கோ' யாருக்கு என்பது அடுத்த கோடையில் தெரிந்தது.

மிஸிஸ் ஒல்கா ஓய்வு பெற முன்னர் ஒரு கண்காட்சி செய்ய ஆசைப்பட்டார். இந்தப் படங்களைத்தான். பல வருட உழைப்பு. மேல்மாடியில் கண்காட்சிக்குப் பொறுப்பாக டெரெக் என்று ஒரு இளந்தாரி இருந்தான். நெடுவல், கையில் எப்போதும் கோப்பி, கெட்டவன் இல்லை. பெட்டி வந்த புதிதில், தாள் போட முன்னர், வந்து பார்த்து, அந்தக் குழிப் படத்தைத் தன் சின்னக் கமராவில் பிடித்துக்கொண்டு போயிருந்தான். வாசலுக்கு நேரே உள்ள பெரிய சுவரில் நிலத்திலிருந்து கூரை வரைக்கும் அந்தப் படம்தான் என்று முடிவாயிற்று. அழைப்பு அட்டையிலும் அதுதான். மிஸிஸ் ஒல்காவும் மறுக்கவில்லை. கண்காட்சியின் உயிரே அந்தப் படம்தான் என்று அவருக்கும் எண்ணம். திங்கட்கிழமை நான் அந்தப் பெட்டியைப் பெரிய கமரா அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். படங்களின் கீழ் எழுதப்போகிற வசனங்களைப் பார்த்துச் சொல்லும்படி மிஸிஸ் ஒல்கா கடிதம் போட்டுக் கூப்பிட்டிருந்தார். லூசியா என்ற பெண், என் வயது இருக்கும், கழுத்தில் நீலக்கல் மாலை. கூட அவருடைய பெறாமகன், சகோதரியின் மகன். பியூப்லோ சனம். அந்த மலைநாட்டுக்குப் பக்கத்தில்தான் இன்றைக்கும் அவர்களின் ஊர்.

முதல் படத்தின் அடியில், எடுத்தவன் அந்தக் காலத்திலேயே அச்சடித்திருந்த வரி இருந்தது. பெறாமகன் வாசித்தான்: "மறைந்துபோன ஓர் இனத்தின் இடிபாடுகள்."

லூசியா தலையை நிமிர்த்தினார். "மறைஞ்சு போனதோ? ரெண்டு பிளேன் மாறி வந்திருக்கிறன். முழங்கால் இன்னும் நோகுது."

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

நான் ஒவ்வொரு படமாக வைத்தேன். ஒரு வீட்டைப் பார்த்து ஏதோ அவர்களின் பாஷையில் சொன்னார். அளவுகோல் மாமாவைக் கண்டதும், "உவர் என்ன, வாடகை வாங்க வந்த மாதிரி நிக்கிறார்?" என்றார். பெறாமகன், "அன்ரி, மெல்லமாய்" என்றான். நான் சிரித்துவிட்டேன். எல்லாம் நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைத்தாள் வந்தது. அவர் கையை நீட்டினார்.

"பொறுங்கோ" என்றேன். எனக்கு இருந்த இங்கிலிஷில் சொன்னேன்: "இது செத்தவீட்டுப் படம். நீங்கள் கேட்டால் திறக்கிறன். கேக்காட்டில் திறக்கமாட்டன்."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தாள் ஆர் போட்டது?"

"நான். வெட்டித் தந்தது இவ" என்று மிஸிஸ் ஒல்காவைக் காட்டினேன்.

"திறக்க வேண்டாம்" என்றார் லூசியா. ஏன் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அதில் என்ன முறை, என்ன விலக்கு என்று நான் கேட்கவும் இல்லை. நாங்கள் எங்கள் முறையை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டா திரிகிறோம்?

அந்த நேரம் பார்த்து டெரெக் கோப்பியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். கையில் அழைப்பு அட்டைகளின் கட்டு. சந்தோஷமாக ஒன்றை எடுத்து லூசியாவின் முன்னால் வைத்தான்.

"இதுதான் பெரிய சுவரில வரப்போகுது!"

நான் எதை அவ்வளவு கவனமாக மூடி வைத்தேனோ, அது அட்டையில் பளிச்சென்று கிடந்தது. பெறாமகன் அட்டையைக் குப்புறத் திருப்பினான். லூசியாவின் முகத்தில் இருந்த பகிடியெல்லாம் போய்விட்டது.

"இதைச் சுவரில போடக் கூடாது. இதைச் சொல்ல வேண்டி வருமெண்டு நினைக்கேல்லை. இவை எங்கட ஆக்கள்."

டெரெக் மரியாதையாகத்தான் கதைத்தான். "எனக்கு விளங்குது, மாம். ஆனால் தோண்டினது அநியாயமெண்டு காட்டுறதுக்குத்தான் நாங்கள் போடுறம். இதைப் பாத்தால்தான் சனம் நிண்டு யோசிக்கும். அதோட, இது எவ்வளவு பழைய படம். உவை ஆரெண்டு இனி ஆருக்குத் தெரியும்?"

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பழகின வசனம். முன்பு ஒருவன் அதையே தமிழில் சொல்லியிருந்தான். வாயை மூடிக்கொண்டு நிற்பதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவள் நான். அன்றைக்கு மூடவில்லை.

"டெரெக், நான் ஒண்டு சொல்லவோ?"

சொன்னேன். என் அம்மா ஊரில் செத்தபோது நான் போகவில்லை. அல்பம்தான் வந்தது. அம்மாவை உயிரோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. சுவரில் மாட்டி மாலை போட ஒரு முகம் வேண்டும். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் ரூபன் என்ற பொடியன் ஸ்ரூடியோ வைத்திருந்தான். சவப்பெட்டிக்குள் கிடக்கிற முகத்தைத் தனியாக எடுத்து, மூடின கண்ணைத் திறந்து, படமாக்கித் தருவான். எங்கள் ஆட்கள் கனபேர் அவனிடம் செய்வித்தார்கள். எனக்கும் செய்து தந்தான். யாரோ ஒருத்தியின் கண்தான், ஆனாலும் அம்மா என்னைப் பார்த்தா. அழுதுகொண்டு நன்றி சொன்னேன். பிறகொரு நாள் வேலையால் வரும்போது பஸ் அந்தப் பிளாசாவுக்கு முன்னால் நின்றது. ஸ்ரூடியோவின் கண்ணாடி ஜன்னலில் இரண்டு பெரிய படம். ஒன்று கண் திறந்த அம்மா. மற்றது பெட்டிக்குள் கிடக்கிற அம்மா, மூக்கில் பஞ்சோடு. செய்ய முன்னர், செய்த பின்னர் என்று விளம்பரம். இரண்டு படத்துக்கும் நடுவில் சிவப்பு லைற் மின்னிக்கொண்டு இருந்தது.

பஸ்ஸால் இறங்கினேன். உள்ளே போனேன்.

"தம்பி, உதைக் கழட்டு."

"அன்ரி, உது என்ர வேலையைக் காட்டத்தான். ரோட்டால போற சனத்துக்கு உது ஆரெண்டு தெரியவோ போகுது?"

"எனக்குத் தெரியும். கழட்டு."

கழற்றினான். என் முகத்தைப் பார்த்தவன் எவனும் கழற்றியிருப்பான்.

இவ்வளவையும் என் இங்கிலிஷில் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. டெரெக் மெதுவாகச் சொன்னான்: "ஆனால் மிஸிஸ் பரா, அது உங்கட அம்மா."

லூசியா அவனுக்குப் பதில் சொன்னார். "ஓம். அவவுக்கு ஆரெண்டு தெரிஞ்ச ஒராள். எனக்கு, ஆரெண்டு தெரியாத அத்தினை பேரும் அம்மாதான்."

மிஸிஸ் ஒல்கா எழும்பிப் பக்கத்து அறைக்குப் போனார். கதவு திறந்தபடி. கத்தி அப்பிளில் இறங்குகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவருக்கு அந்தக் கண்காட்சி என்னவென்று எனக்குத் தெரியும். அவர் வேலை செய்த காலம் முழுவதற்கும் அது ஒன்றுதான் அவர் பெயரில் வரப்போகிறது. அட்டை அச்சடித்தாயிற்று, நாள் குறித்தாயிற்று. அவர் நிறுத்தமாட்டேன் என்றால் படம் சுவருக்குப் போகும். லூசியா இரண்டு பிளேன் ஏறித் திரும்பிப் போவார். நான் திங்கட்கிழமை அந்தத் தாளைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப வாளியைத் தூக்க வேண்டும். இரண்டாவதைத் தூக்குவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

பாதி அப்பிள்தான் முடிந்திருக்கும். அவர் திரும்பி வந்தார். அப்படி முன்னொருபோதும் நடக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அழைப்பு அட்டைக் கட்டின் மேல் வைத்தார்.

"டெரெக்" என்றார். "திரும்ப."

அவன் வாயைத் திறந்தான்.

"நானும்தான். நாங்கள் ரெண்டு பேரும். முதல்ல இருந்து."

டெரெக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு மேலே கதவை மூடிக்கொண்டு பெரியவர்களோடு கூட்டம். மிஸிஸ் ஒல்கா இறங்கி வரும்போது முகம் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். "படம் போகாது. என்ர நாள் போச்சு" என்றார். எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டி வந்ததால் திறப்பு விழா தள்ளிப் போயிற்று. அது அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. மேடையில் வேறு ஆள் கதைத்தார்.

பெரிய சுவருக்கு வேறு படம் வேண்டுமே. லூசியாவிடமே கேட்டார்கள். அவர் எடுத்தது நாங்கள் யாரும் கணக்கில் எடுக்காத ஒரு படம். வெறும் சுவர். கிட்ட வைத்து எடுத்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மண்ணை அப்பி, விரலால் அழுத்தித் தேய்த்த அடையாளங்கள் அப்படியே காய்ந்து கிடந்தன.

டெரெக்குக்கு மனம் வரவில்லை. "இதில அளவுக்கு நிக்கிற ஆள்கூட இல்லையே. சுவர் பெரிசோ சின்னனோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"விரல் இருக்குதே" என்றார் லூசியா. "எல்லாரிட்டையும் இருக்கிற அளவு."

டெரெக் தன் கையைத் தூக்கிப் பார்த்தான்.

திறப்பு விழாவுக்கு நான் சேலை உடுத்திக்கொண்டு போனேன். மிஸிஸ் ஒல்கா விருந்தாளியாக, எல்லாரையும் போல வரிசையில் நின்று வந்தார். கூரை வரைக்கும் அந்தச் சுவர். சனம் உள்ளே வந்தவுடன் பேச்சை நிறுத்தும் என்று நினைத்தேன். இல்லை, கனபேர் பார்க்காமலே வைன் மேசைக்குப் போனார்கள். குழிப் படத்தைப் பார்த்தால்தான் சனம் நிற்கும் என்று டெரெக் சொன்னது முழுப் பொய்யுமில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் நின்றார்கள். ஒவ்வொருவராய்ப் போய்த் தங்கள் விரலைப் படத்தில் இருக்கிற விரல் தடத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். காவலாளி தொடாதே தொடாதே என்று ஓடித் திரிந்தான். லூசியா சிரித்துக்கொண்டு இருந்தார்.

மிஸிஸ் ஒல்கா என் காதோடு சொன்னார்: "அளவுகோல் மாமாவுக்கு வேலை போச்சு."

"வயசு வந்திட்டுது. அவரும் பென்ஷன் எடுக்கட்டும்" என்றேன்.

இனி ஹனா பிள்ளைக்கு. லூசியா இப்போது இல்லை. பெறாமகன் இருக்கிறான், காப்பகத்தில் அவனுடைய விலாசம் இருக்கும். தாளைத் தூக்கலாமோ என்று என்னைக் கேட்டாய். நான் தாள் போட்டவள், உரித்தானவள் இல்லை. அவனைக் கேள். அவன் தன் ஊரில் கேட்பான். பதில் வரச் சுணங்கினால் சுணங்கட்டும். அது அடுப்பில் வைத்த சோறில்லை, கருகிப் போக. அவர்கள் ஓம் என்றால் போடு, இல்லை என்றால் தாள் இருந்த இடத்தில் இருக்கட்டும். இன்டர்நெட் என்றால் என்ன, ஸ்ரூடியோ ஜன்னல்தான். பஸ்ஸில் போகிறவர்கள்தான் இன்னும் அதிகம்.

இந்த இடத்தில் மீரா அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"வெயிட், அப்பம்மா. பூட்டம்மான்ர அந்த அல்பம் எங்க? நான் ஒருநாளும் பாக்கேல்லையே."

"நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

"இப்ப கேக்கிறன். பாக்கலாமா?"

கேட்டுவிட்டாள். என் சூட்கேசின் அடியில், துணியில் சுற்றியபடி இருக்கிறது. எடுத்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

"தாறன். கையைக் கழுவிக்கொண்டு வா. அதுக்கு முதல், இவ்வளவு நேரம் அடிச்சதை எனக்கொருக்கா வாசி, பிள்ளை. மெல்லமாய் வாசி. பிழை இருந்தால் கண்ணாடியைக் கழட்டுவன்."